மாட்டு வயிறு சிமுலேஷன்: சுழற்றிப் பார்க்கவா, ஓட்டிப் பார்க்கவா?

#1 சித்தூர்_விலங்கியல்

இது பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர். ஆந்திரச் சித்தூர்க்காரர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இளநிலை விலங்கியலில் ஒப்பீட்டு உடற்கூறியல் தாள். பசு, குதிரை, கோழி மூன்றின் செரிமானப் பாதையையும் ஒரே பருவத்தில் முடிக்க வேண்டும். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விலங்கியல் வகுப்புகளில் உயிரிகளை அறுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொன்ன பிறகு ஆய்வகத்தில் மிஞ்சியது ஃபார்மலின் ஜாடியும் சுவர்ப்படமும்தான். ஜாடிக்குள் இருக்கும் இரைப்பை சாம்பல் நிறத்தில் சுருங்கிக் கிடக்கிறது. எது வாசல், எது வழி என்று யாருக்கும் தெரிவதில்லை.

மாணவர்களே இயக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு சிமுலேஷன் வேண்டும். வகுப்பில் நாற்பது பேர். பாதிப் பேர் தமிழ் வழியில் வந்தவர்கள், மீதிப் பேர் மலையாள வழி. ஆய்வகக் கணினிகளில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எல்லோரிடமும் போன் உண்டு, பெரும்பாலும் 3 அல்லது 4 ஜிபி ராம். நெட் விட்டு விட்டு வரும். விலைக்குக் கிடைக்கும் முப்பரிமாண மாடல்கள் சுழல்கின்றன, தொட்டால் உறுப்பின் பெயர் வருகிறது, அவ்வளவே. நாமே செய்வதென்றால் எதை முதலில் செய்வது?

#2 நாலறை

டீச்சர், பெயர் சொல்லும் மாடலுக்குத் துறைப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்த வேலையைச் சுவர்ப்படமே செய்கிறது. பசு வயிற்றில் மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எந்தக் கல்லூரியிலும் அதே நாலைந்துதான். அந்த இடங்களைச் சுற்றித்தான் சிமுலேஷனைக் கட்ட வேண்டும்.

பெரிய சிக்கல் வரிசை. பசு இரைப்பையின் நான்கு அறைகளை ரூமென், ரெட்டிகுலம், ஒமேசம், அபோமேசம் (செரிமான நீர் சுரக்கும் அறை இது ஒன்றுதான்) என்று ஒப்பித்து ஒப்பித்து, தீனியும் அந்த வரிசையில் ஒருவழியாகப் போகிறது என்றே நம்பிவிடுகிறார்கள். உணவுக்குழாய் திறப்பது ரூமெனும் ரெட்டிகுலமும் சேரும் இடத்தில். இரண்டுக்கும் நடுவில் இருப்பது முழுச் சுவர் இல்லை, ஒரு மடிப்பு. தீனி அந்த மடிப்பைத் தாண்டி இங்கும் அங்கும் போய்வரும், வாய்க்கும் திரும்பி ஏறும். கதவு என்று சொல்லத் தக்கது ரெட்டிகுலத்துக்கும் ஒமேசத்துக்கும் இடையிலுள்ள துளை ஒன்றுதான். பசுவில் சில மில்லிமீட்டருக்குள் அரைபட்ட துகள்தான் பெரும்பாலும் அதைக் கடக்கும். அடர்த்திக்கும் இதில் பங்கு உண்டு. புதிதாக விழுங்கிய வைக்கோல் உள்ளே காற்றை வைத்துக்கொண்டு மிதக்கும். நுண்ணுயிர் தின்று, நீர் ஊறி, கனத்த துகள் கீழே இறங்கி ரெட்டிகுலத்தின் தரைக்கு வந்து சேரும். மேலே வாயு, நடுவே நார்ப்பாய், கீழே நீர்க்கரைசல் என்ற அடுக்கு திரையில் தெரியாவிட்டால் அசைபோடுவது எதற்கு என்றே மாணவனுக்குப் புரியாது.

அடுத்தது அளவு. வளர்ந்த பசுவில் நான்கறைக் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதம் ரூமென், ரெட்டிகுலம் 5, மற்ற இரண்டும் ஆளுக்கு 7 முதல் 8. ரூமென் மட்டும் 100 லிட்டரைத் தாண்டும், பெரிய உடம்பில் 200 வரை போகும். படத்தில் நான்கையும் ஒரே அளவில் வரைந்து பழக்கிவிட்டோம்.

இடமும் அப்படித்தான் குழம்புகிறது. வயிற்றறையின் இடப்பாதி முழுவதும் ரூமெனுக்கு. ரெட்டிகுலம் உதரவிதானத்தை ஒட்டி 6 முதல் 8-ஆம் விலாவரை, நடுக்கோட்டுக்குச் சற்று இடமாக. ஒமேசம் வலப்பக்கம். அபோமேசம் தரையில், பெரும்பாலும் வலமாக. கல்லீரலை ரூமென் முழுசாக வலத்துக்குத் தள்ளிவிடும், மண்ணீரல் ரூமெனின் இடத்தோளில் ஒட்டியிருக்கும். மாட்டை முன்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கம், பின்னாலிருந்து பார்க்கும்போது இன்னொரு பக்கம் என்று மாணவர்கள் மாற்றிச் சொல்வார்கள். மாடலைத் தனியாக அந்தரத்தில் சுழலவிட்டால் இந்தக் குழப்பம் கூடத்தான் செய்யும். விலா எலும்பும் தோலும் அரைத் தெளிவில் எப்போதும் கூடவே இருக்கட்டும், அணைக்கவே முடியாதபடி.

கன்றைப் பற்றி ஒரு வரி. பிறந்த கன்றில் பாதிக்கு மேல் அபோமேசம். எட்டு வாரத்தில் ரூமென் அதை எட்டிப் பிடிக்கிறது. வயது என்று ஒரு ஸ்லைடர் வைத்தால் போதும், தனிப் பாடம் வேண்டாம்.

#3 நேர்ல_பாரு

இதெல்லாம் எதுக்குங்க? கொழிஞ்சாம்பாறை சந்தைக்கடைல ஒரு ஆட்டு இரைப்பை வாங்குங்க. கழுவி, ஊதிக் கட்டித் தொங்கவிட்டா நாப்பது பேரும் தொட்டே பாக்கலாம். சாணி மணத்தோட படிச்சா மறக்காது.

#4 முக்கோணம்

ணா, நீங்க சொல்ற அதே இரைப்பையத்தான் நான் ஸ்கேன் பண்ணச் சொல்லப் போறேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல.

செய்முறை எழுதறேன். ஈர உறுப்பை அப்படியே படம் எடுத்தா போட்டோகிராமெட்ரி, அதாவது பல படங்களைச் சேர்த்து 3டி மாடல் ஆக்கற முறை, படுத்துடும். மேல்பளபளப்பு ஒவ்வொரு படத்துலயும் வேற இடத்துல மின்னும், மென்பொருளுக்குப் பொதுப்புள்ளி கிடைக்காது, மாடல்ல ஓட்டை ஓட்டையா வரும். தொங்கற உறுப்பைத் திருப்பி வெச்சா வடிவமும் மாறிடும். அதனால முதல்ல உலர்த்தணும். உள்ள இருக்கறத பிதுக்கி, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுங்க. வெளியில மூடியிருக்கற கொழுப்பு வலையையும் ஒட்டுக் கொழுப்பையும் கத்தரியால நீக்குங்க. அத விட்டுட்டா ரூமென்மேல ஓடற பள்ளங்க தெரியவே தெரியாது. சிறுகுடல் ஆரம்பத்தை நூலால இறுக்கிக் கட்டி, உணவுக்குழாய் வழியா சைக்கிள் பம்பால காத்தடிச்சு அதையும் கட்டணும். பந்து மாதிரி விறைக்க வெச்சுடாதீங்க, பள்ளமெல்லாம் தட்டையாயிடும். அரைகுறையா விட்டாலும் காயும்போது ஒரு பக்கம் அமுங்கும். நிழல்ல ஃபேன் காத்துல நாலஞ்சு நாள். ஆடி மாசத்துல செஞ்சா பூஞ்சைதான் மிஞ்சும். மார்கழி, தையில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வறண்டு அடிக்கும்போது செய்யறது உத்தமம்.

காஞ்சதும் மேல லேசா சாக்பீஸ் தூள் தூவுங்க. மூணு உயரத்துல, ஒவ்வொண்ணுலயும் 10 டிகிரிக்கு ஒரு படம், மொத்தம் 108. பக்கத்துப் பக்கத்துப் படங்க 70 சதவீதமாவது ஒண்ணுமேல ஒண்ணு பொருந்தணும். நீங்க சுத்தி வந்து எடுத்தா பின்னணில நெறைய அடையாளம் இருக்கறது நல்லது. திருகுமேசையில வெச்சு உறுப்பைச் சுத்தினீங்கன்னா பின்னணி வெறும் வெள்ளையா இருக்கணும், இல்லாட்டி மென்பொருள் சுவரைப் பிடிச்சுக்கிட்டு உறுப்பைக் கோட்டை விட்டுடும். பக்கத்துல 30 செ.மீ. ஸ்கேல் ஒண்ணு வெச்சே எடுங்க.

படங்களை மாடலாக்கற மெஷ்ரூம் மென்பொருள் இலவசம்தான், ஆனா ஆழம் கணிக்கற படிக்கு என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேணும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் கார்டு இருக்கற கம்ப்யூட்டரைத் தேடிக்குங்க. மத்ததெல்லாம் பிளெண்டர்ங்கற 3டி மென்பொருள்ல. மாடலோட மேல்பரப்பு சின்னச் சின்ன முக்கோணங்களால ஆனது; லட்சக்கணக்குல வர்ற அந்த முக்கோணங்களை 60,000-க்குக் குறைங்க. குறைக்காத மாடலோட நகல் ஒண்ணை வெச்சுக்கிட்டு, அதோட நுண்விவரத்தைக் குறைச்ச மாடலுக்கு நார்மல் மேப்பா (மேடுபள்ளம் இருக்கற மாதிரி காட்டற படமா) சுட்டுடணும், இல்லாட்டி தேன்கூட்டு வரியெல்லாம் மழுங்கிடும். மாடல்மேல போர்த்தற நிறப்படம் (டெக்ஸ்ச்சர்) 2048 பிக்சலுக்கு மேல வேண்டாம். ஜிஎல்பிங்கற 3டி மாடல் கோப்பா, டிராகோங்கற சுருக்கத்தோட சேமிச்சா பத்து எம்பிக்குள்ள அடக்கலாம், 3 ஜிபி போனும் தாங்கும்.

ரெண்டு இடத்துல கை சுடும். கேமராவை ரூமெனுக்குள்ள கொண்டுபோனா சுவர் மாயமா மறைஞ்சுடும். முக்கோணத்துக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் வரையப்படுது. உட்சுவருக்குத் தடிமன் குடுங்க, அல்லது இருபக்கமும் காட்டற மெட்டீரியல் போடுங்க. இன்னொண்ணு, சைஸ் மாத்தும்போது ஏதாவது ஒரு அச்சுல மைனஸ் விழுந்துட்டா உறுப்பு கண்ணாடி பிம்பமாயிடும். பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா ரூமென் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம். நாலறை சார் மாதிரி ஒருத்தர் பாக்காம வெளியிடாதீங்க.

#5 நாலறை

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். ஆட்டு இரைப்பையை ஸ்கேன் செய்துவிட்டுப் பசு என்று லேபிள் ஒட்டக் கூடாது.

ஆட்டில் ரெட்டிகுலத்தைவிட ஒமேசம் சிறியது. பசுவில் ஒமேசம்தான் பெரியது, பந்து போல உருண்டிருக்கும், உள்ளே ஏறத்தாழ நூறு ஏடுகள். ரெட்டிகுலத்தின் தேன்கூட்டுச் சுவர் பசுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பி நிற்கும், ஆட்டில் மிகத் தாழ்வு. ரூமெனின் பின்முனையில் இருக்கும் இரண்டு குருட்டுப் பைகளில் ஆட்டில் கீழ்ப்பை பின்னோக்கி நன்றாக நீண்டிருக்கும், பசுவில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். சுருள்குடலும் அப்படி. பசுவில் உள்நோக்கி ஒன்றரை முதல் இரண்டு சுற்று, ஆட்டில் நான்கு. தேர்வில் கேட்பதே இந்த வித்தியாசங்களைத்தான்.

அதனால் ஆட்டு மாடலை ஆட்டு மாடலாகவே வைத்துக்கொண்டு, பக்கத்தில் பசுவைப் பிளெண்டரில் அளவு பார்த்து வடித்து நிறுத்துங்கள். ஒப்பீட்டு உடற்கூறியல் தாளுக்கு இரண்டும் அருகருகே நிற்பதே பாடம்.

நிறத்தையும் பாருங்கள். கடையில் வாங்கிய அன்றே உட்புறத்தைப் படம் எடுத்து அதை டெக்ஸ்ச்சராகப் போடுங்கள். ரூமெனின் உட்பக்கம் தீனிச்சாயம் ஏறிப் பச்சையும் பழுப்புமாக இருக்கும். அபோமேசம் மட்டும் வழவழப்பான இளஞ்சிவப்பு, நீள மடிப்புகளோடு. எல்லாவற்றையும் ரோஸ் நிறத்தில் பூசினால் எது சுரக்கும் சவ்வு, எது சுரக்காத சவ்வு என்பது கண்ணுக்குப் படாது. ரூமென் உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு காம்புகளையும் எல்லா இடத்திலும் ஒரே சீராக நட வேண்டாம். குருட்டுப் பைகளில் அடர்த்தி, உட்சுவரில் தடித்து ஓடும் தசைத் தூண்களின் மேல் இல்லவே இல்லை.

கடை உறுப்பைக் கையாளும்போது கையுறை கட்டாயம், மாட்டிலிருந்தும் ஆட்டிலிருந்தும் மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா கிருமி விளையாட்டு இல்லை. துறையின் எழுத்து அனுமதியும் கையில் இருக்கட்டும்.

#6 பலமநேர்_தீவனம்

ஆந்திரச் சித்தூர் ஆஜர். வடிவத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். டீச்சர் தலைப்பில் கேட்டது ஓட்டிப் பார்க்கும் மாடல். அதற்கு முப்பரிமாணமே வேண்டாம், எக்செல் போதும்.

ரூமெனை ஒரு தொட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருவது தீனி நார். வெளியே இரண்டு வழி: நுண்ணுயிர் செரிப்பது, செரிக்காமலே ஒமேசத்துக்குக் கடந்து போவது. ஒவ்வொன்றுக்கும் மணிக்கு இத்தனை பங்கு என்று ஒரு வேகம்.

400 கிலோ கலப்பினப் பசு நாளொன்றுக்கு 10 கிலோ உலர்தீனி தின்கிறது, அதில் 6 கிலோ நார் என்று வைப்போம். மணிக்கு 0.25 கிலோ. செரிவேகம் மணிக்கு 0.04, கடப்புவேகம் 0.02 என்றால், நிலைத்த கையிருப்பு 0.25 ஐ 0.06 ஆல் வகுத்தது, அதாவது 4.17 கிலோ. செரியும் பங்கு 0.04 ஐ 0.06 ஆல் வகுத்தது, 67 சதவீதம். இப்போது தீனியை மட்டமான வைக்கோலாக மாற்றுங்கள். செரிவேகம் 0.02 ஆகிறது. கையிருப்பு 6.25 கிலோவுக்கு ஏறும், செரிவது 50 சதவீதம். ஆனால் வயிற்றில் இடம் 4.17 கிலோவுக்குத்தான் என்றால்? மாடு தின்பதைக் குறைக்கும், நாளுக்கு 4 கிலோ நார்தான் உள்ளே போகும். வைக்கோலைக் குவித்துப் போட்டும் மாடு மெலிவது ஏன் என்ற கேள்விக்கு மாணவர் தானே எண்ணை நகர்த்தி விடை காண்கிறார்.

எக்செல்லில் வரிக்கு வரி இப்படி: புதிய கையிருப்பு = பழைய கையிருப்பு + படிநேரம் × (உள்வரவு − (செரிவேகம் + கடப்புவேகம்) × பழைய கையிருப்பு). படிநேரம் 0.1 மணி வையுங்கள். வேலை மிச்சம் என்று 24 மணி வைத்தால் 0.06 × 24 = 1.44. இது ஒன்றைத் தாண்டியதும் கையிருப்பு மேலும் கீழுமாக ஆடும். மாணவர் அதை மாட்டின் பசி என்று விளக்கம் எழுதிவிடுவார்!

கடப்புவேகத்துக்கு ஸ்லைடர் வைத்தால் இன்னொன்றும் தெரியும். தீனியைப் பொடியாக அரைத்துப் போட்டால் அது சீக்கிரம் கடக்கும். 0.04 ஆக்கிப் பாருங்கள், கையிருப்பு 3.1 கிலோவுக்கு இறங்கும், செரிவது 50 சதவீதமாகக் குறையும். மாடு அதிகம் தின்னும், கிலோவுக்குக் கிலோ குறைவாகச் செரிக்கும்.

எடைக்கும் ஒரு ஸ்லைடர் வேண்டும். எங்கள் பக்கத்துப் புங்கனூர், உங்கள் கேரளத்து வெச்சூர் இரண்டும் குட்டை இனம். 130 கிலோ வெச்சூர்ப் பசுவுக்கு 400 கிலோ பசுவின் உள்வரவைக் கொடுத்தால் தொட்டி வழியும். அதையே ஒரு கேள்வியாக வைக்கலாம்.

#7 சித்தூர்_விலங்கியல்

எண்களுக்கு நன்றி சார். ஒன்று புரியவில்லை. ரூமென் சுருங்குவதையும் காட்ட வேண்டும், இந்த நார்க் கணக்கையும் காட்ட வேண்டும். ஒரே திரையில் இரண்டையும் வைத்தால் ஓடும் வேகம் பொருந்தவில்லையே?

#8 நாலறை

பொருந்தாது, பொருத்தவும் கூடாது. சுருக்கம் நிமிடக் கணக்கு, செரிமானம் நாள் கணக்கு. ஒரே கடிகாரத்தில் ஓட்டினால் ஒன்று நாள் முழுக்க அசையாமல் நிற்கும், அல்லது ரூமென் படபடவென்று துடிக்கும். துடிக்கும் ரூமெனைப் பார்த்த மாணவர் மாட்டுக் கொட்டகையில் ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டு, சத்தமே இல்லை, நோய் என்பார். காட்சிகளைப் பிரித்துவிடுங்கள். நிமிடக் காட்சி நிஜ வேகத்தில் மட்டும் ஓடட்டும், வேகமாக்கும் பொத்தானே வேண்டாம். நாள் காட்சியில் வரைபடமும் தொட்டி மட்டமும் போதும், உறுப்பு அசைய வேண்டியதில்லை.

நிமிடக் காட்சியில் இருக்க வேண்டியது இரண்டு அலை. முதல் அலை ரெட்டிகுலத்தில் பிறக்கும். ரெட்டிகுலம் அடுத்தடுத்து இரண்டு முறை சுருங்கும், பிறகு ரூமெனின் முன்பை, அங்கிருந்து மேற்பை வழியாகப் பின்னோக்கி, கடைசியில் கீழ்ப்பை. இது கலக்கும் அலை, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒன்று. இரண்டாம் அலை பின்முனைக் குருட்டுப் பையில் தொடங்கி முன்னோக்கி வரும், மேலே நிற்கும் வாயுவை உணவுக்குழாய் வாசலுக்குத் தள்ளும். அந்த நேரம் ரெட்டிகுலம் தளர்ந்து தாழ்ந்து நீரை வாசலிலிருந்து விலக்கி வைக்கும். வாயு வெளியேறும். இந்த அலை சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. முன்பின் திசையை அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டாம், மாணவரையே வரையச் சொல்லுங்கள்.

#9 மூணாம்_செமஸ்டர்

சார், ஒரு மாணவனோட சந்தேகம். அசைபோடறப்ப தீனி மேல வர்றது இந்த இரண்டாம் அலையாலதானே?

#10 நாலறை

இல்லை தம்பி. அசைபோடும்போது முதல் அலையின் இரட்டைச் சுருக்கத்துக்கு முன்னால் ரெட்டிகுலம் கூடுதலாக ஒரு முறை சுருங்கும், வாசலருகே கூழைக் கொண்டுவந்து நிறுத்தும். அதே நொடியில் மாடு குரல்வளையை மூடிக்கொண்டு மூச்சை உள்ளிழுக்கும். நெஞ்சறை அழுத்தம் இறங்கிக் கூழ் உணவுக்குழாய்க்குள் ஏறும். ஏப்பம் இரண்டாம் அலை, அசை முதல் அலைக்கு முந்தைய கூடுதல் சுருக்கம். உன் கேள்வியையே சிமுலேஷனில் வைக்கலாம்: ரெட்டிகுலச் சுருக்கத்தை எண்ணு, இரண்டா மூன்றா? மூன்று என்றால் கழுத்தைப் பார்.

#11 கணவாய்_வெட்

களத்தில் இருப்பவன் பார்வையில் சில வரி.

நோய் இல்லாத சிமுலேஷனில் மாணவர்கள் பத்து நிமிடம் விளையாடிவிட்டு மூடிவிடுவார்கள். எல்லையோர ஊர்களுக்கு ஏற்ற நோய்க்காட்சிகள் கையருகிலேயே இருக்கின்றன. பலாப்பழக் காலத்தில் சுளையும் சக்கையும் ஒரே மூச்சில் தின்ற மாடு, கல்யாணத்துக்கு மறுநாள் மீந்த சோறும் கஞ்சியும் குடித்த மாடு. மாவுச்சத்தும் சர்க்கரையும் திடீரென்று வந்து குவிந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் பெருகும், லாக்டிக் அமிலம் சேரும், பிஎச் 5-க்குக் கீழே இறங்கும். அமிலக் கரைசலின் அடர்த்தி ரத்தத்திலிருந்து நீரை உள்ளே இழுக்கும். அதனால்தான் வயிற்றில் நீர் தளும்பும்போதே மாட்டின் கண் குழி விழுகிறது. பலமநேர் சாரின் தொட்டியில் அமிலத்துக்கு இன்னொரு வரிசை சேர்த்து, பிஎச் 5.5-க்குக் கீழே செரிவேகமும் சுருக்கமும் சரியும்படி வைத்தால் இது முழுசாக வந்துவிடும். எதிர்ப்பக்கம் உமிழ்நீர். பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் சுரக்கும், பைகார்பனேட் அதிலிருந்துதான். நார் குறைந்தால் அசை குறையும், அசை குறைந்தால் உமிழ்நீர் குறையும். இந்தச் சுற்று மாடலில் இல்லாவிட்டால் கஞ்சிக் காட்சி பொய்யாகிவிடும், அமிலம் தானாகச் சரியாகிவிடும்.

அடுத்தது கம்பி. விழுங்கிய கம்பி கனமாக இருப்பதால் ரெட்டிகுலத்தில் தங்கும். அந்த இரட்டைச் சுருக்கம் அதை முன்னோக்கிக் குத்தும், உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் சில சென்டிமீட்டரில் இதயப்பை. இடவியல் ஏன் படிக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. உதரவிதானத்தை மறைக்கும் பொத்தான் மட்டும் கட்டாயம் வேண்டும்.

உப்புசத்தில் இரண்டு வகையையும் பிரித்துக் காட்டுங்கள். மாங்கொட்டையோ மரவள்ளித் துண்டோ உணவுக்குழாயில் அடைத்தால் வாயு தனியே மேலே நிற்கும், அடைப்பை நீக்கி வயிற்றுக்குள் குழாய் விட்டால் புஸ்ஸென்று வரும். பயறுவகைப் பசுந்தீனியில் நுரை பிடித்தால் வாயு குமிழ்களில் மாட்டிக்கொள்ளும், குழாய் விட்டும் வராது. இரண்டுக்கும் ஒரே படத்தைப் போட்டுவிட்டால் மாணவர் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் எழுதுவார்.

ஒலியும் சேருங்கள். அபோமேசம் இடப்பக்கம் நழுவி மேலே ஏறினால் 9 முதல் 13-ஆம் விலாவரை தட்டிக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால் உலோகத்தைச் சுண்டியது போல ‘டிங்’ என்று வரும். மாட்டின் படத்தில் மாணவர் எங்கே தட்டுகிறாரோ அந்த இடத்து ஒலி வரட்டும். ரூமெனின் உருமல் மிகத் தாழ்ந்த ஒலி. போன் ஸ்பீக்கரில் அது வராது, ஒலியே பதிவாகவில்லை என்று நினைத்துவிடுவார்கள். இயர்போன் போடச் சொல்லி முதல் திரையிலேயே எழுதுங்கள்.

#12 நேர்ல_பாரு

அதெல்லாஞ் சரிங்க. கை உள்ள விட்டா கிடைக்கற அழுத்தம் திரைல வருமா?

#13 கணவாய்_வெட்

வராது. சாரா பெய்லி உருவாக்கிய ஹேப்டிக் கௌ போன்ற தொடு உணர்வுக் கருவிகள் மலக்குடல் வழிப் பரிசோதனைக்காக வந்தவை, நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. விலங்கியல் இளநிலைக்கு அது தேவையும் இல்லை. கால்நடை மருத்துவ மாணவருக்குத் தேவை, அவருக்கு உண்மையான மாடும் உறுப்பும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. அந்த வகுப்பில் சிமுலேஷனின் இடம் கொட்டகைக்குப் போவதற்கு முந்தைய மணி. மாட்டின் இடப்பக்கத்தில் சாக்பீஸால் ரூமென் எல்லையை வரையச் சொல்லுங்கள், திரையில் கற்றது தோலின் மேல் சரியாக விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

#14 முக்கோணம்

குதிரை, கோழி பத்தி யாரும் வாயத் திறக்கலியே.

#15 நாலறை

கோழி எளிது. தீனிப்பை, சுரப்பு இரைப்பை, அரைவைப்பை, ஒரு ஜோடிக் குருட்டுக்குடல், கடைசியில் பொதுக் கழிவுப்பை (குளோயக்கா). அரைவைப்பைக்கும் சுரப்பு இரைப்பைக்கும் நடுவே கூழ் திரும்பிப் போய்வரும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குதிரையில் இரைப்பையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம், 8 முதல் 15 லிட்டர், முடிந்தது. பாடமெல்லாம் பின்குடலில். குருட்டுக்குடல் ஒரு மீட்டர் நீளம், 30 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். பிறகு பெருங்குடல் இரட்டையாக மடிந்து கிடக்கிறது: வலக் கீழ், மார்பெலும்பு வளைவு, இடக் கீழ், இடுப்பு வளைவு, இட மேல், உதரவிதான வளைவு, வல மேல். இடுப்பு வளைவில் குழாய் சட்டென்று குறுகுவதால் அங்கேதான் அடைப்பு. இதை உறுப்பு வடிவத்தில் செய்து தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். ஒரு குழாயை எடுத்து மாணவரையே மடிக்கச் சொல்லும் இழுத்து-வைக்கும் விளையாட்டாகச் செய்யுங்கள். வளைவுகள் தவறான இடத்தில் விழுந்தால் குழாய் வயிற்றறைக்குள் அடங்காது. பித்தப்பையைத் தேட வைத்தும் ஒரு கேள்வி கேட்கலாம், குதிரைக்கு அது கிடையாது.

நொதிக்கும் தொட்டி சிறுகுடலுக்கு முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன என்பதைப் பலமநேர் சாரின் தொட்டியை இடம் மாற்றி வைத்தே காட்டிவிடலாம். பசுவில் நுண்ணுயிர்களின் உடலே சிறுகுடலில் புரதமாகச் செரிகிறது. குதிரையில் அவை பெரும்பாலும் சாணத்தோடு போகின்றன.

#16 சித்தூர்_விலங்கியல்

இப்போது ஒழுங்கு பிடிபடுகிறது. முதலில் எக்செல் தொட்டி, அடுத்து பசுவின் நிமிடக் காட்சி, நோய்க்காட்சியில் கஞ்சியும் கம்பியும் மட்டும். ஆட்டு ஸ்கேன் தை மாதத்துக்கு. இரண்டு கேள்விகள் மிச்சம். மாணவர்கள் யோசிக்காமல் ஸ்லைடரை இழுத்து இழுத்து விடையைக் கண்டுபிடித்துவிடுவார்களே? நெட் இல்லாத நாளில் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் ஓடுமா?

#17 பலமநேர்_தீவனம்

முதல் கேள்விக்கு: ஸ்லைடரைப் பூட்டி வையுங்கள். ‘வைக்கோலை அரைத்துப் போட்டால் கையிருப்பு ஏறுமா இறங்குமா, செரிவது கூடுமா குறையுமா’ என்று கேட்டு, மாணவர் வரைபடத்தின் மேல் விரலால் ஒரு கோடு வரைந்த பிறகுதான் ஓட்டும் பொத்தான் திறக்க வேண்டும். அவர் வரைந்த கோடு அழியாமல் உண்மைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். மதிப்பெண் கோட்டுக்கு வேண்டாம், இரண்டு கோடும் ஏன் பிரிந்தன என்று எழுதும் மூன்று வரிக்குக் கொடுங்கள். ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் தொடக்க எண்கள் கொஞ்சம் மாறி வந்தால் பக்கத்து நாற்காலியைப் பார்த்து எழுத முடியாது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் லேபிள் மாறும் பொத்தான் ஒன்றும் போதும். உறுப்புப் பெயர்களை மட்டும் மூன்றிலும் ரூமென், ரெட்டிகுலம் என்றே வையுங்கள், தேர்வுத் தாளில் அப்படித்தான் வரும்.

#18 முக்கோணம்

ரெண்டாவதுக்கு: பென்டிரைவ்ல இருக்கற ஹெச்டிஎம்எல் கோப்பை இரட்டைச் சொடுக்கா திறந்தா பக்கம் வரும், மாடல் வராது, வெறும் சாம்பல் திரைதான். லோக்கல் கோப்புல இருந்து இன்னொரு கோப்பை ஏத்தறத பிரவுசர் தடுக்குது. ஆய்வகத்துல ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல பைதான் போட்டு, அந்த ஃபோல்டர்லயே அதோட சின்ன சர்வரை ஓட்டுங்க. மத்த கம்ப்யூட்டரும் போனும் அதே வைஃபைல சேர்ந்து அந்த முகவரியைத் திறந்தா போதும், வெளி நெட் தேவையே இல்ல. ரௌட்டர்ல கருவிகளை ஒண்ணுக்கொண்ணு பாக்க விடாம தனிமைப்படுத்தற அமைப்பு இருந்தா அத அணைக்கணும். நாப்பது போனும் ஒரே நேரத்துல பத்து எம்பி இறக்கினா ரௌட்டர் திணறும், பத்துப் பத்துப் பேரா திறக்கச் சொல்லுங்க.

வீட்டுக்குக் குடுத்தனுப்பறதுக்கு வேற வழி. ஜிஎல்பியையும் ஸ்கிரிப்டையும் பேஸ்64 எழுத்தா மாத்தி ஒரே ஹெச்டிஎம்எல்லுக்குள்ள ஒட்டிடுங்க. கோப்பு மூணுல ஒரு பங்கு பெருக்கும், ஆனா வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்டா அனுப்பி, போன் பிரவுசர்லயே திறந்து பாக்கச் சொல்லலாம். டிராகோ சுருக்கத்தைப் பிரிக்கற ஸ்கிரிப்ட் தனிக் கோப்பு, அதையும் சேர்த்து ஒட்டணும். அது விட்டுப்போனா மறுபடியும் அதே சாம்பல் திரைதான் வரும் டீச்சர்.